துணிக்கு அடியில் நின்ற கை

பதுளை பஸார் வீதியில் இரும்புக் கடை வைத்திருந்த ஜாபிர் முதலாளியின் வீட்டில், அவருடைய மூத்த சகோதரி ஸித்தி ஸுபைதா நடந்து வருகிறார் என்றால் ஆளைக் காண்பதற்கு முன்னே காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு காலடி சத்தமில்லாமல் விழும். மறு காலடியோடு 'டக்' என்று ஒன்று கேட்கும். பழைய அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது போல. அந்தச் சத்தம் அவருடைய வலது முழங்காலுக்குள் இருந்து வந்தது.

ஸுபைதா ராத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா, இப்போது இல்லை. மழைக் காற்றில் எங்கள் வீட்டுக் கதவு அடித்தால் நான் இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் மையித்துக் குளிப்பாட்டுகிறவர். பதுளையிலும் சுற்று ஊர்களிலும் எங்கள் பெண்களில் யார் கண்ணை மூடினாலும் அவரைத்தான் கூப்பிட வருவார்கள். அவர் குளிப்பாட்டுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, உதவிக்கு அந்த வீட்டோடு வந்துவிட்ட எனக்கு அந்த வேலை ஒத்துப்போனது. அங்கே பேசத் தேவையில்லை.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குளிப்பாட்டும்போது மையித்தில் நல்லதைக் கண்டால் வெளியே சொல்லலாம். முகம் வெளிச்சமாக இருந்தது, சிரித்தாற்போல இருந்தது என்று சொல்லலாம். காயத்தையோ நோயையோ குறையையோ கண்டால் அதைக் கபன் துணியோடு சேர்த்து மூடிவிட வேண்டும். புருஷன் கேட்டாலும் சொல்லக் கூடாது, பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது. ராத்தா ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

"மூடுறதுதான் எங்கட வேல. தொறக்கிறதில்ல," என்பார்.

தன் காலைப் பற்றி மட்டும் எனக்கு அனுமதி தந்திருந்தார். "என்ட காலப் பத்தி நீ எங்க வேணுமெண்டாலும் செல்லு றமீலா. அது என்ட சொத்து. மத்தவங்கட சொத்துல கை வெக்காதே." அந்த அனுமதியில்தான் இதை எழுதுகிறேன்.

ராத்தாவின் புருஷன் தையற்காரர். கல்யாணமாகி நாலைந்து வருஷத்திலேயே மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த காலத்தில், அறுபதுகளின் நடுவில், பசறைப் பக்கம் ஒரு மண்சரிவில் எங்கள் உறவுப் பெண் ஒருத்தி அகப்பட்டாள். வழக்கமாகக் குளிப்பாட்டும் பெண் மையித்தைப் பார்த்ததும் பின்வாசலால் போய்விட்டாராம். யார் தொடுவது என்று எல்லோரும் சுவரோடு சுவராக நின்றபோது, ராத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் பிறகு ஒரு நாள் கேட்டேன். "அவக்கு குளிருமெண்டு நெனச்சேன்," என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

முப்பது வயதிலேயே மூட்டு வாதம் வந்துவிட்டது. வலது முழங்கால் வீங்கி, கோணி, நாற்பது ஆகுமுன் காலை ஊன்ற முடியாமல் ஆனது. எழுபத்தைந்தாம் ஆண்டு ஜாபிர் அவரைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே முழங்காலை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். தொடை எலும்புக்குள் ஒரு கம்பி, கீழ்க்கால் எலும்புக்குள் ஒரு கம்பி, நடுவில் கதவுக்குப் போடுவது போன்ற பிணைச்சல். கம்பிகள் அசையாமல் இருக்க எலும்புக்குள் சிமெந்து போல இறுகும் ஒரு பசை.

"ராமேஸ்வரம் தாண்டிப் போனதுக்கு எங்கட கடையிலயே வாங்கீக்கலாம் ராத்தா. பித்தளப் பிணைச்சலே ஈக்கி," என்று ஜாபிர் சிரிப்பார்.

"ஒன்ட கடப் பிணைச்சலப் போட்டீந்தா ரெண்டு மழைக்குத் துருப் புடிச்சீக்கும்," என்பார் ராத்தா.

வலி போய்விட்டது. நடந்தார். மையித்துக் கட்டிலின் பக்கத்தில் நின்று வேலை செய்தார். ஆனால் நிலத்தில் உட்காரக் கூடாது, காலை மடக்கி ஊன்றக் கூடாது என்று டொக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கதிரையில் இருந்துதான் தொழுதார். தொழும்போது கதிரைக்கு முன்னால் முஸல்லாவை விரித்துவைப்பார். நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதுக்கு வரும்போது குனிந்து, நெற்றி எட்டாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொழுகை முடிந்ததும் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவி மடித்துவைப்பார். எத்தனையோ வருஷம் விரித்தும் அந்தப் பாயில் நெற்றி பட்ட தேய்மானம் இல்லை.

எண்பத்து நாலில் அந்த 'டக்' தொடங்கியது. முதலில் படியேறும்போது மட்டும் கேட்டது. பிறகு எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடைக்குள் குத்தியது. கால் மெல்ல வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியது. தெமோதரைத் தோட்டத்திலிருந்து காலையில் பால் கொண்டுவரும் கருப்பம்மா வாசலில் நின்று கேட்பாள்.

"என்னாங்கம்மா, இரும்புக் கட வீட்டுலயே கீலு கத்துது. தம்பிகிட்டச் சொல்லி எண்ண விடச் சொல்லுங்க."

"எண்ண விட்டா ஒன்ட வாய்க்குத்தான் விடணும்," என்பார் ராத்தா. "அதுதான் கூடக் கத்துது."

ஜாபிர் அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். நானும் துணைக்குப் போனேன். அங்கே எலும்பு டொக்டர் வயதான சிங்களவர், உடைந்த தமிழ் பேசுவார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளைக் கம்பியைச் சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது.

"அம்மா, இந்தக் கறுப்பு இடைவெளி. கம்பி ஆடுது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே எலும்பைத் தின்னுது."

"அப்ப அந்த எடவெளிய எதையாவது வச்சு அடச்சுடலாம் தானே டொக்டர்?" என்றார் ஜாபிர். "சுவர்ல பிணைச்சல் ஆணி ஆடினா, நாங்க ஓட்டைக்குள்ள சிமெந்து ஊத்தித்தான் இறுக்குவோம்."

டொக்டர் கோபப்படவில்லை. "சுவருக்குக் காய்ச்சல் வராது, முதலாளி," என்றார். "கம்பி ஏன் ஆடுது என்று முதலில் பார்க்கணும். தேய்ந்து ஆடலாம். உள்ளே கிருமி இருந்தும் ஆடலாம். ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்கணும். கிருமி உள்ளபோது மேலே அடைத்தால், வீட்டுக்குள் நெருப்பை வைத்துக் கதவைப் பூட்டினது மாதிரி."

பிறகு அவர் சொன்னதுதான் ராத்தாவுக்கு இடியாக விழுந்தது. பழையதைத் திறந்து வெளியே எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய புதுப் பிணைச்சல் வெளிநாடுகளில் வைக்கிறார்கள். இங்கே அப்போது இல்லை, ராத்தாவிடம் அதைத் தாங்கும் எலும்பும் மிச்சமில்லை. இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். இரண்டு எலும்பையும் நேராகச் சேர்த்து ஒன்றாக வளரவிடுவது.

"அப்ப கால் மடங்காதா?"

"மடங்காது. ஆனால் வலி இல்லை. நிற்கலாம், நடக்கலாம்."

பதுளைக்குத் திரும்பும் ரயிலில் பண்டாரவளை தாண்டியபிறகு ராத்தா ஒன்று மட்டும் சொன்னார். "கட்டையப் போல காலோட என்னக் கபுறுல வெக்கப் போறாங்க." நீர் எடுத்துச் சோதிக்கக் குறித்த நாளில் அவர் கொழும்புக்குப் போகவுமில்லை.

டொக்டர் றவூபின் பெயர் அப்போதுதான் வந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், பண்டாரவளையில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்திருந்தார். மென்மையான மனிதர். ராத்தாவின் காலைத் தன் மடியில் வைத்துத்தான் பார்த்தார். அறுக்கத் தேவையில்லை என்றார். தடித்த ஊசி ஒன்றால் கம்பிக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு பசையைச் செலுத்துவேன், அது இறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கொழும்பு டொக்டர் சொன்ன சோதனையைப் பற்றி ஜாபிர் கேட்டார். வீக்கம் இல்லை, சூடு இல்லை, அது தேவைப்படாது என்றார் அவர்.

"புது முற. பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க இதெல்லாம் ஏத்துக்கக் காலம் எடுக்கும்," என்றார். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்ஷா அல்லாஹ், நல்லா இறுகினா நீங்க திரும்ப முஸல்லாவுல நெத்திய வெக்கலாம்," என்றார்.

ராத்தாவின் கண் நிறைந்ததைக் கண்டேன். டொக்டர் அவரிடம் வேறு எதையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் ஒரு பெயர் சொன்னார், அது போதுமாக இருந்தது. பண்டாரவளைத் துணிக்கடை வாஹித் ஹாஜியாரின் மனைவி றஷீதா. ராத்தாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். மாடிப் படியில் விழுந்து முழங்காலுக்கு மேலே எலும்பு உடைந்து, தகடும் ஆணியும் வைத்திருந்தார். ஆணிகள் தளர்ந்தபோது டொக்டர் றவூப்தான் அதே பசையைப் போட்டிருந்தார்.

சில நாளில் றஷீதாவே பதுளைக்கு வந்துவிட்டார். ஹோலின் நடுவில், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து காட்டினார்.

"கேக்குதா ராத்தா? ஒரு சத்தமும் இல்ல தானே? ஒங்கள மாதிரி கதவத் தொறந்து தொறந்து மூடிட்டு நான் நடக்கல்ல."

"நீ சின்ன வயசுலயும் கள்ளப் பூன மாதிரித்தான் நடந்த. அதுக்கு ஊசி தேவல்ல."

"பாருங்க, நீங்க மையித்துக் கட்டிலுக்கிட்ட வாற சத்தத்துலயே மையித்து எழும்பி ஓடும். நான் மவுத்தானா ஒங்களத்தான் கூப்பிடணுமெண்டு அவர்ட்ட செல்லீக்கேன். அதுக்குள்ள காலச் சரி பண்ணிக்கோங்க."

எல்லோரும் சிரித்தோம். றஷீதா உட்கார்ந்தபிறகு கையை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். கொஞ்சம் சூடாக இருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம் என்றார்.

ஜாபிர் நாள் குறித்துவிட்டு வந்தார். ராத்தா முஸல்லாவைத் துவைத்துக் காயப்போட்டார்.

அந்த நாளுக்கு முன்பே பண்டாரவளையிலிருந்து ஆள் வந்தது. றஷீதா பதுளை ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார், மையித்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காய்ச்சல் என்றார் வந்தவர்.

நாங்கள் போய்ச் சேரும்போது பண்டாரவளை முழுக்க மூடுபனி, பகலிலேயே வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. பின்பக்க அறையில் கட்டில் போட்டு, சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. றஷீதாவின் இரண்டு நாத்தனார்களும் உதவிக்கு நின்றார்கள்.

பெண்ணைப் பெண் குளிப்பாட்டினாலும் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடிய துணியை எடுப்பதில்லை. கையில் துணி சுற்றிக்கொண்டு, அந்த மூடுதுணிக்கு அடியில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, கைதான் பார்க்கும். ராத்தா முகம் கழுவினார், வலப்பக்கம் கழுவினார். நான் ஊற்றினேன். இடப்பக்கத்துக்கு வந்து, துணிக்கு அடியில் கையை விட்டார். கை இடுப்பிலிருந்து கீழே இறங்கியது. முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

நான் ஊற்றுவதை நிறுத்தினேன்.

"ஊத்து," என்றார் ராத்தா. அந்தக் குரல் அவருடையது போல இல்லை.

நாத்தனார்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வெளிய இரிங்க. கற்பூரத் தண்ணியக் கலந்து வைங்க," என்றார். அவர்கள் போனபிறகு, இன்னும், இன்னும் என்று ஊற்றச் சொன்னார். வழக்கமாகத் தேவைப்படும் தண்ணீரைவிட அதிகமாக ஊற்றினேன். அந்தத் தண்ணீர் எப்படி ஓடியது என்பதை எழுத மாட்டேன். ராத்தாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. கண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை மட்டும், தூங்கும் பிள்ளையின் காலைத் தடவுவது போல மெதுவாக, துணிக்கு அடியில் போய் வந்தது.

கபன் செய்து முடித்து வெளியே வந்தபோது வாஹித் ஹாஜியார் கதவோரம் நின்றார். கேட்கப் பயந்த முகம்.

"முகம் வெளிச்சமா ஈக்கி வாஹித்," என்றார் ராத்தா. "அல்லாஹ் பொருந்திக்குவான்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் 'டக்' இல்லை. இறங்கி வாசற்படியில் கால் வைத்ததும் கேட்டது. ராத்தா நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நான்தான் இருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. ராத்தா வலது கையை அடிக்கடி கழுவினார். சாப்பிடும்போது கையை மூக்கருகில் கொண்டுபோய்விட்டு, சோற்றை அப்படியே வைத்துவிடுவார். தன் முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். நடப்பதைக் குறைத்தார். நடக்கும்போது, அந்தச் சத்தம் வந்ததும் நின்று, வேறு சத்தம் வருகிறதா என்று கேட்பார்.

"அவ சத்தமில்லாமத்தான் நடப்பா," என்றார் ஒரு நாள் என்னிடம். "என்ட ஒவ்வொரு 'டக்'குக்கும் பின்னால அவட ஒரு அடி ஈக்கி. எனக்கு வெளங்குது றமீலா."

கருப்பம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு காலையில் பால் போத்தலை நீட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"உள்ள யாருங்கம்மா வந்திருக்காங்க? ஒங்க பின்னால ஆள் வந்தாப்ல இருந்துச்சுங்க."

ராத்தா போத்தலை வாங்கிக்கொண்டார். கருப்பம்மா அன்றைக்குக் கேலி எதுவும் பேசாமல் போனாள்.

ஜாபிருக்கு இதெல்லாம் தெரியவில்லை. அக்காவின் காலை நேராக்கிவிட வேண்டும் என்ற ஒன்றுதான் அவருக்கு. றஷீதாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் மறுபடி நாள் குறித்துவிட்டார்.

"எனக்கு வாணாம் தம்பி."

"ஏன்?"

"வாணாம்."

"கொழும்புக்கும் மாட்டீங்க, இதுக்கும் மாட்டீங்க. கால் கழண்டு விழுற வரைக்கும் பாத்துட்டு ஈக்கச் செல்றீங்களா? றஷீதா ராத்தா இந்த ஹோல்ல நடந்து காட்டினாங்களே, நீங்களும் பாத்தீங்க தானே!"

"அவ மவுத்தாப் போய்ட்டா."

"காய்ச்சல்ல மவுத்தானாங்க! காலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன? நீங்க குளிப்பாட்டினீங்க, காலப் பாத்தீங்க தானே? ஏதாவது ஈந்திச்சா? செல்லுங்களே!"

ராத்தா வாயைத் திறந்தார். நான் குசினிக் கதவருகில் நின்றேன். அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். ஜாபிரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிடிவாதம் என்று நினைத்துவிட்டார். பெற்ற தாயைப் போல வளர்த்த அக்காவை முடமாக்கிவிட்டு நான் எப்படிக் கடையில் உட்காருவது என்று சொல்லி அழுதார்.

அன்றைக்கு ராத்தா லுஹர் தொழுதுவிட்டு நெடுநேரம் கதிரையிலேயே இருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"சரி. கார வரச் செல்லு. ஆனா டொக்டர்ட்டப் போகக்குள்ள, வழியில வாஹித்ட ஊட்டுல நிப்பாட்டணும். அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

குறித்த நாளில் போனோம். ஹாலிஎல, தெமோதரை, எல்ல என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய காரில் ராத்தா கண்ணை மூடியபடி இருந்தார். மடியில் துவைத்து மடித்த முஸல்லா.

வாஹித் ஹாஜியார் இளைத்துப்போயிருந்தார். கதிரை போடச் சொன்னார். ராத்தா உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி, கூடத்தின் நடுவில் நின்றார்.

"வாஹித், நான் இண்டைக்கு டொக்டர் றவூப்ட அந்த ஊசியப் போட்டுக்கப் போறேன். கார் வாசல்ல ஈக்கி. ஒங்கள்ட்டக் கேட்டுட்டுப் போக வந்தேன். போகட்டுமா?"

"என்ன ராத்தா இது," என்றார் ஜாபிர். "துக்கத்துல ஈக்கிற மனுசன்ட்ட..."

"நீ இரு தம்பி."

ஹாஜியார் ஜாபிரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். மாடிப் படிக்குக் கீழே ஒரு பெண்ணின் செருப்பு இன்னமும் கிடந்தது. அவர் வாயே திறக்காமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. போங்க ராத்தா என்று ஒரு சொல் சொன்னால், ராத்தா போய்விடுவார். வேறு வழி அவருக்கு இல்லை.

"நீங்க பாத்தீங்க தானே?" என்றார் கடைசியில்.

"நான் அவட முகத்தப் பாத்தேன். அத அண்டைக்கே ஒங்கள்ட்டச் செல்லிட்டேன்."

"ஜாபிர்ட்டயும் செல்லலயா?"

"ஒத்தர்ட்டயும் செல்லல. செல்லவும் மாட்டேன். அது ஒங்க ரெண்டு பேர்ட சொத்து."

ஹாஜியார் அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார், அந்தச் செருப்புக்குப் பக்கத்தில்.

"போகாதீங்க ராத்தா," என்றார். "ஜாபிர், கேட்டுக்கோங்க. நான் செல்றேன். அவட கால் உள்ளுக்குள்ள அழுகிப்போச்சு. அந்த ஊசி போட்ட வழியாலயே சீழ் வந்திச்சு. மொதல்ல சூடு. அது மருந்து வேல செய்யிற சூடெண்டு டொக்டர் செல்லீந்தார், நாங்க நம்பிட்டோம். சிவந்திச்சு. திரும்பப் போனோம், இன்னொரு ஊசி போட்டார். காய்ச்சல் வந்து நடுங்கினா. ஒத்தர்ட்டயும் செல்லாதீங்க, காலை வெட்டிருவாங்கண்டு என்ட கையப் புடிச்சுட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்குள்ள சுணங்கிட்டு. இரத்தம் முழுக்க நஞ்சாப் போச்சு எண்டாங்க. அந்தப் பச கல்லாட்டம் இறுகி அத வெளிய வர உடாம அடச்சீந்திச்சாம்."

ஜாபிர் படியருகில் வந்தார்.

"ஏன் காய்ச்சலெண்டு செல்லச் சென்னீங்க?" என்று கேட்டார்.

"பின்ன என்ன செல்ல? தகடக் கழட்டி, திறந்து பாக்கணுமெண்டு ஆஸ்பத்திரியில முந்தியே சென்னாங்க. அறுக்கத் தேவல்லயெண்டு செல்ற டொக்டரத் தேடிப் போனது நான். அவட மவுத்துக்குப் பொறகு றவூப் டொக்டர் இங்க வந்து அழுதார். அவக்கு முந்தி ரெண்டே பேருக்குத்தான் அதச் செஞ்சீக்காராம். அந்த ரெண்டு பேரும் எப்படி ஈக்காங்கண்டு அவருக்கே தெரியாதாம்."

ராத்தா ஹாஜியாரின் பக்கத்தில் போனார். இரண்டு அடி. 'டக்'. வெறும் படியைப் பார்த்து, "இப்ப போ றஷீதா," என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கார் டொக்டர் றவூபின் அறைப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போனோம். அந்தச் சிங்கள டொக்டர் முதலில் ஊசியால் நீர் எடுத்து அனுப்பினார். கிருமி இல்லை என்று தெரியும்வரை ராத்தா தண்ணீரும் இறங்காமல் கிடந்தார். பிறகு பழைய பிணைச்சலை எடுத்து, எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். மாதக் கணக்கில் பிளாஸ்டர். உள்ளே அரிக்கும், ராத்தா பின்னல் ஊசியை விட்டுச் சொறிவார், தாதிமார் பறித்துக்கொள்வார்கள். எடுத்த உலோகத்தை ஜாபிர் கேட்டு வாங்கி, பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ராத்தா அதைப் பார்க்க மறுத்துவிட்டார். ஜாபிர் அதைக் கடையில் வைக்கவுமில்லை, எறியவுமில்லை. மையித்து அடக்கும் மையவாடிச் சுவரோரம் புதைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

டொக்டர் றவூப் அந்த அறையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஹாஜியார் போய்ப் பேசினாரா, அவராகவே விட்டாரா, தெரியாது.

கால் ஒன்றாக வளர்ந்தது. மடங்காது. பஸ்ஸில் ஏறினால் நடுவழியில் நீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். கருப்பம்மாவுக்குக் கேலி திரும்பி வந்தது.

"நிக்கிற நெலயப் பாத்தா தோட்டத்துப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்க நிக்கிற கங்காணி மாதிரியே இருக்கீங்கம்மா. கையில ஒரு பிரம்புதான் கொறச்சல்."

"நாளைக்கு எடுத்து வெக்கிறேன். ஒன்ட பால்ல தண்ணி ஈந்தா முதுகுல விழும்."

ராத்தா மறுபடி மையித்துக் கட்டிலின் பக்கத்தில் நின்றார். நேரான காலைச் சற்றுப் பின்னால் வைத்துக் குனிவார். முஸல்லாவையும் முன்போலவே விரித்தார், முன்போலவே எட்டவில்லை. சத்தம் நின்றுபோனது. ஆனால் சில நேரம், பேசிக்கொண்டே இருக்கும்போது வாசலைப் பார்த்து, "கேட்டிச்சா?" என்பார். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

எண்பத்தொன்பதில், ஒரு மழைக் காலத்தில், நெஞ்சு வலியில் ராத்தா மவுத்தானார். குளிப்பாட்டியது நான். வாஹித் ஹாஜியாரின் தங்கை ஸுபைரா தண்ணீர் ஊற்றினார். துணிக்கு அடியில் என் கை இறங்கி, வலது முழங்காலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தன் காலைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி தந்துவிட்டுப் போனவர், அதனால் சொல்கிறேன். அது ஓர் இடத்திலும் ஆடவில்லை. முகமும் வெளிச்சமாக இருந்தது.

ஸுபைரா ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யாரோ உள்ள வந்தாப்போல ஈந்திச்சு."

"ஊத்துங்க," என்றேன்.